இறந்த பிறகு கிளம்பிய கேள்வி... யார் இந்த ஸ்டெல்லா வால்ஷ்?

கோவை நேரு ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஓடிப் பழகும் ஒரு பொண்ணு, நாளைக்கு உலக தடகளப் போட்டிக்குத் தேர்வாகிறார்னு வைத்துக்கொள்வோம். டைமிங் மட்டும் போதாது. கன்னத்தின் உட்புறமோ ரத்தமோ எடுத்து மரபணு சோதனையும் செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் முதல் இதுதான் விதி. அதற்கு முன்னாடி சில ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அளவுதான் கணக்கு.

இந்த விவாதம் வரும்போதெல்லாம் ஒரு பழைய பெயரும் கூடவே வரும். ஸ்டெல்லா வால்ஷ்.

போலந்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து...

1911-ல் போலந்து கிராமம் ஒன்றில் பிறந்தார். சொந்தப் பெயர் ஸ்டானிஸ்வாவா வாலாசிவிச். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு இரும்பு ஆலையில் வேலை. அங்கே யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையாததால் ஸ்டெல்லா வால்ஷ் ஆனார்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லை. பொருளாதார மந்தத்தில் ரயில்வே கம்பெனி வேலையும் போனது. போலந்து தூதரகம் வேலை கொடுத்தது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் போலந்துக்காக ஓடி, 100 மீட்டரை 11.9 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார்.

1936 பெர்லினில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் முந்திவிட்டார். ஸ்டெல்லாவுக்கு வெள்ளி. அப்போது ஆணா பெண்ணா என்ற சந்தேகம் கிளம்பியது யார் மீது தெரியுமா? ஜெயித்த ஹெலன் மீது! சோதித்துவிட்டோம், அவர் பெண்தான் என்று அதிகாரிகள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. வேகமாக ஓடினால் சந்தேகம் வரும். அந்தப் பழக்கம் அன்றைக்கே இருந்தது.

1947-ல் ஸ்டெல்லா அமெரிக்கக் குடிமகள் ஆனார். 1975-ல் அமெரிக்கத் தடகளத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். கிளீவ்லாந்தில் இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு அமைதியாகத்தான் வாழ்ந்தார்.

1980 டிசம்பர் 4

போலந்து கூடைப்பந்து அணி ஊருக்கு வருகிறது. வரவேற்புக்கு ரிப்பன் வாங்கக் கடைக்குப் போனவரை, பார்க்கிங்கில் கொள்ளையர் சுட்டுவிட்டார்கள். வயது 69.

கொலை வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனை. உடல் அமைப்பை ஆண், பெண் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. குரோமோசோம்களும் கலவை: பெரும்பாலான செல்களில் எக்ஸ்-ஒய், சிலவற்றில் ஒற்றை எக்ஸ். முழு அறிக்கை வரும் முன்பே உள்ளூர் டிவியில் விஷயம் கசிந்துவிட்டது. (ஆமாம், எங்களை மாதிரி ஒரு சேனல்தான்.) கொன்றவர்களை விட்டுவிட்டு, செத்தவர் யார் என்று ஊர் பேசியது. கடைசியில் பிரேதப் பரிசோதனை அதிகாரி, சமூகமும் சட்டமும் அறிந்தவரை அவர் பெண்ணாகவே வாழ்ந்து இறந்தார் என்று பதிவு செய்தார்.

உயிரோடு இருக்கும்போதே கேட்டால்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலின சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிபோனது. அந்தச் செய்தி நாடு முழுக்க ஓடியது. ஊக்கமருந்தும் இல்லை, ஏமாற்றும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்.

2011-ல் ஹார்மோன் வரம்பு வந்தது. 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்த் அதில் சிக்கி, காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். இந்த ஹார்மோன் எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம் விதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு அது திரும்பி வந்தது. வரம்பும் 10-லிருந்து 5, பிறகு 2023-ல் 2.5 என இறங்கியது. எல்லைக்கோடு ஏன் இப்படி நகர்கிறது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் தசையையும் ரத்தத்தின் ஆக்சிஜன் கொள்ளளவையும் கூட்டும். பெண்கள் பிரிவு என்று தனியாக வைத்ததே அதனால்தான். பக்கத்து லேனில் நாலாவதாக வந்த பொண்ணின் ஆதங்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்காக, நோயே இல்லாத ஒருவரை ஓட வேண்டுமானால் மருந்து சாப்பிடு என்பதும், அவர் உடம்பு ரகசியத்தைக் காற்றில் விடுவதும் எந்த ஊர் நியாயம்?

ஸ்டெல்லாவின் 1932 தங்கம் இன்றும் ஒலிம்பிக் பட்டியலில் அவர் பெயரில்தான் இருக்கிறது. சாந்தியின் வெள்ளி திரும்பி வரவில்லை.