ஒரு கோளைக் கண்டவர், இரண்டைத் தள்ளியவர்

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்து, புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கினர். அறிவியலை வாக்கெடுப்பால் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. அதே தீர்மானத்தால் சீரிஸ் என்னும் சிறிய பொருள் ஒரு படி உயர்ந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கீழே வந்த புளூட்டோவும் மேலே போன சீரிஸும் 'குறுங்கோள்' என்ற ஒரே வகையில் சந்தித்துக்கொண்டன.

இந்தச் சச்சரவு இந்த நூற்றாண்டில் தோன்றியதன்று. 1802-ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் நாம் படித்துக் கடந்துவிட்ட மனிதர்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு வானியலில் என்ன வேலை என்று கேட்கலாம். வகை பிரிப்பது எங்கள் துறையின் அன்றாடச் சிக்கல். வறுமைக் கோட்டைச் சற்றே மேலே நகர்த்தினால் புதிய ஏழைகள் தோன்றுவார்கள். கீழே இறக்கினால் இருந்தவர்கள் மறைந்துபோவார்கள். கோட்டை வரைபவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஹெர்ஷலின் வாழ்க்கையையும் அந்தக் கேள்வியோடுதான் நான் படித்தேன்.

அவர் 1738 நவம்பர் 15 அன்று ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தார். தந்தை ஐசக், இராணுவ இசைக்குழுவில் ஓபோ வாசிப்பவர். மகனும் பதின்ம வயதிலேயே அதே குழுவில் சேர்ந்தார். 1757-இல் ஹாஸ்டன்பெக் போரில் ஹானோவர் தரப்பு தோற்றபின், பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும், கச்சேரிகளில் வாசித்தும் வயிறு வளர்த்தார். இருபத்து நான்கு சிம்பொனிகளையும் இயற்றினார். 1766-இல் பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணி கிடைத்தது. 1772-இல் தங்கை கரோலினைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.

இசையின் கணக்கியலைப் படிக்கப் போனவர், அதே ஆசிரியர் எழுதிய ஒளியியல் நூலில் சிக்கிக்கொண்டார். விலை கொடுத்து நல்ல தொலைநோக்கி வாங்க வசதியில்லை. ஆகவே செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வீட்டிலேயே உருக்கி வார்த்து, ஆடிகளைத் தம் கையாலேயே மெருகேற்றினார். ஒரு முறை தொடர்ந்து பதினாறு மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் தேய்த்தாராம். கரோலின் அவருக்கு உணவை ஊட்டிவிட்டார். அந்தக் காலத்தில் அரசு ஆய்வகங்களில் இருந்த கருவிகளைவிட இந்த இசைஞரின் கருவி மேலானதாக அமைந்தது.

1781 மார்ச் 13 இரவு, நியூ கிங் தெருவிலிருந்த வீட்டுத் தோட்டத்தில், ஏழடி நீளத் தொலைநோக்கியில் ஒரு வட்டத்தைக் கண்டார். விண்மீன் புள்ளியாகத் தெரியும், வட்டமாகத் தெரியாது. சில நாள்கள் பார்த்தபோது அது இடம் பெயர்ந்தது. ஆகவே அதை வால்மீன் என்று கருதி, ராயல் சொசைட்டிக்கும் வால்மீன் என்றே அறிக்கை அனுப்பினார். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லெக்சல் முதலியோர் கணக்கிட்டபோதுதான், அது ஏறத்தாழ வட்டப் பாதையில், சனியைப் போல் இருமடங்கு தொலைவில் சுற்றும் கோள் என்று தெரிந்தது. வரலாறு அறிந்த காலம் முதல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கோள்களுக்கு அப்பால், ஒரு தனி மனிதர் கண்டுபிடித்த முதல் கோள் அது.

அடுத்து வந்தது பெயர். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ், தாமதித்தால் வேறொருவர் பெயர் வைத்துவிடுவார் என்று அவசரப்படுத்தினார். ஹெர்ஷல் தேர்ந்த பெயர் ஜார்ஜியம் சைடஸ். அதாவது ஜார்ஜ் மன்னரின் விண்மீன். மூன்றாம் ஜார்ஜ் ஹானோவர் வம்சத்தவர், ஹெர்ஷலும் அவ்வூரார். 1782-இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை அளித்தார். விண்ட்சர் அரண்மனைக்கு அருகில் குடியிருக்க வேண்டும். அரச குடும்பத்தார் கேட்டால் வானத்தைக் காட்ட வேண்டும். இவையே கடமைகள். இசையில் அவர் ஈட்டியதைவிட அந்தத் தொகை குறைவு. குறைந்த ஊதியத்துக்கு முழு இரவுகளை வாங்கிக்கொண்டார் என்றுதான் நான் அதைக் கணக்கிடுவேன். பற்றாக்குறையை ஈடுகட்டத் தொலைநோக்கிகள் செய்து விற்றார். 1787 முதல் உதவியாளர் பணிக்காகக் கரோலினுக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு கிடைத்தது. எட்டு வால்மீன்களைக் கண்டறிந்த அவருடைய வாழ்க்கை தனியே எழுதத்தக்கது.

இங்கிலாந்து மன்னரின் பெயரைச் சொல்லி வானத்தைப் பார்க்கப் பிற நாட்டார் விரும்பவில்லை. பிரான்சில் லாலாந்து அந்தக் கோளை ஹெர்ஷல் என்றே அழைத்தார். பெர்லினில் போடே வேறொரு வழி சொன்னார்: வியாழனின் தந்தை சனி என்பது புராணம், சனியின் தந்தை யுரேனஸ், ஆகவே சனிக்கு அப்பாலுள்ள கோளுக்கு அந்தப் பெயரே பொருந்தும். 1789-இல் கிளாப்ரோத் தாம் கண்டறிந்த தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயரிட்டுப் போடேயின் பக்கம் நின்றார். பிரித்தானியக் கடலோடிகளின் பஞ்சாங்கம் மட்டும் 1850 வரை ஜார்ஜின் பெயரை விடவில்லை.

இதற்கிடையில் இன்னொரு விளைவு நேர்ந்தது. கோள்களின் தொலைவுகள் ஓர் எண்வரிசைக்குக் கட்டுப்பட்டவை என்று போடே பரப்பிய விதிக்கு யுரேனஸ் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த விதிப்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்க வேண்டும். ஜெர்மானிய வானியலாளர்கள் வானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு தேடத் திட்டமிட்டார்கள். ஆனால் 1801 ஜனவரி 1 அன்று அதைக் கண்டவர் சிசிலியின் பலேர்மோவில் இருந்த பாதிரியார் ஜூசெப்பே பியாஸ்ஸி. அவரும் தம் மன்னர் பெர்டினாண்டை மறக்கவில்லை. சீரிஸ் பெர்டினாண்டியா என்று பெயரிட்டார். இங்கும் மன்னர் உதிர்ந்தார், சிசிலியின் தானிய தேவதை நிலைத்தாள். சூரிய ஒளியில் மறைந்துபோன அந்தப் பொருளை இளைஞர் கவுஸின் கணக்கு ஓராண்டுக்குப் பின் மீட்டுக் கொடுத்தது. எல்லாம் கூடி வந்ததென்று மகிழ்ந்திருந்தபோது, 1802 மார்ச் 28 அன்று ஓல்பர்ஸ் அதே இடைவெளியில் இன்னொன்றைக் கண்டார். அது பல்லாஸ். ஒரு நாற்காலிக்கு இருவர் வந்து நின்றார்கள்.

ஹெர்ஷல் இரண்டையும் தம் கருவியால் அளந்தார். அவ்வாண்டு மே மாதம் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில், கோள் என்றால் என்ன என்பதற்குச் சில இலக்கணங்களை வகுத்தார். குறிப்பிடத்தக்க பருமன் வேண்டும். பாதை மிக நீண்ட நீள்வட்டமாக இருக்கக் கூடாது. பூமியின் பாதைத் தளத்திலிருந்து பெரிதும் சாயக் கூடாது. ஒரு கோளின் பாதைக்கும் அடுத்ததன் பாதைக்கும் நல்ல இடைவெளி வேண்டும். பல்லாஸின் பாதை ஏறத்தாழ 35 பாகை சாய்ந்தது. இரண்டும் சூரியனிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் சுற்றுபவை. ஆகவே இவை கோள்கள் அல்ல, வால்மீன்களும் அல்ல, புதிய வகை என்றார். பெயர் தேடி நண்பர்களைக் கேட்டார். ஆஸ்டிராய்டு என்ற சொல்லைக் கொடுத்தவர் கிரேக்க அறிஞரான இளைய சார்லஸ் பர்னி என்று அண்மைக்கால ஆய்வு ஒன்று காட்டுகிறது. விண்மீனைப் போன்றது என்பது அதன் பொருள்.

பியாஸ்ஸிக்கு எப்படி இருந்திருக்கும்! இங்கிலாந்து வந்து ஹெர்ஷலைச் சந்தித்துச் சென்றவர் அவர். கோளாகக் கருதினால் அந்த இடத்தின் கண்ணியத்துக்குச் சீரிஸ் போதாது, ஆஸ்டிராய்டுகளின் வரிசையிலோ அதுவே முதலாவது, அதனால் பெருமை இரட்டிப்பு என்று ஹெர்ஷல் அவருக்குக் கடிதம் எழுதினார். சம்பளத்தை உயர்த்தாமல் புதிய பதவிப் பெயரைக் கொடுக்கும் நிர்வாகங்களின் நினைவு எனக்கு வருகிறது. பியாஸ்ஸி இதனால் அமைதியடையவில்லை. கோள் போன்றது என்ற பொருளில் வேறு சொல்லை முன்வைத்தார். எடின்பரோ ரிவ்யூ இதழில் ஹென்றி புரூம் புதுச்சொல் புனைவதைச் சாடினார். தம் கோளுக்கு நிகராகப் பிறர் கண்டவை நிற்கக் கூடாதென்றே ஹெர்ஷல் இவ்வாறு செய்தார் என்ற குற்றச்சாட்டும் பின்னர் அச்சில் ஏறியது.

தமிழ் இந்த வழக்கில் பியாஸ்ஸியின் பக்கம் நிற்பதைச் சொல்ல வேண்டும். நாம் விண்மீன்போலி என்று சொல்வதில்லை, சிறுகோள் என்கிறோம்.

ஆதாயம் இருந்ததா என்ற என் கேள்விக்கு வருகிறேன். இருந்தது. உயிரோடு இருந்தவர்களில் கோளைக் கண்டவர் என்ற பெருமை அவர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. எண்ணிக்கை கூடினால் அதன் மதிப்பு குறையும். ஆனால் ஆதாயம் இருப்பதால் வாதம் பொய்யாகிவிடாது. அளவில் அவர் பெரிதும் தவறினார்: சீரிஸின் விட்டம் சுமார் 260 கிலோமீட்டர் என்று கணித்தார், உண்மையில் அது 940 கிலோமீட்டர் அளவில் உள்ளது. இடைவெளி பற்றிய அவரது நிபந்தனையோ காலத்தைத் தாண்டி நின்றது. 2006-இல் புளூட்டோவை வீழ்த்தியதும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தானே துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்ற அதன் உறவுக்கார நிபந்தனைதான். ஆதாயம் வெளிப்படையாகத் தெரிந்த ஜார்ஜின் பெயர் உதிர்ந்தது. ஆதாயம் கருதியது என்று ஏசப்பட்ட வகைப்பாடு பிழைத்தது.

ஆனால் அது பிழைத்ததை அவர் பார்க்கவில்லை. ஜூனோ 1804-இலும், வெஸ்டா 1807-இலும் அகப்பட்டன. நான்கையும் கோள்களாகவே நூல்கள் பட்டியலிட்டு வந்தன. 1822 ஆகஸ்ட் 25 அன்று ஸ்லோவில், எண்பத்து மூன்று வயதில், ஹெர்ஷல் காலமானார். அவர் கண்ட கோள் சூரியனை ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்ளும் 84 ஆண்டுகளுக்குச் சில மாதங்களே குறைந்த ஆயுள். 1845-க்குப் பின் புதிய சிறு பொருள்கள் அடுத்தடுத்து வந்து குவிந்தபோதுதான், எல்லாவற்றையும் கோள் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாதென்று வானியலாளர்கள் ஹெர்ஷலின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

1787-இல் யுரேனஸுக்கு இரண்டு நிலவுகளைக் கண்ட அவர், அவற்றுக்குப் பெயரே வைக்கவில்லை. அந்த வேலையை 1852-இல் அவருடைய மகன் ஜான் செய்தார். டைட்டானியா, ஓபரான் என்று ஷேக்ஸ்பியரின் நாடகத்துத் தேவதைகளின் பெயர்களை அவற்றுக்கு இட்டார். அந்தப் பெயர்களை எந்த நாடும் மறுக்கவில்லை.