காமராஜரின் மதிய உணவு: அரிசி எங்கிருந்து வந்தது?

சந்தாபுராவில் உங்க பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் 2024 முதல் ராகி மால்ட் தர்றாங்க. ஆனேக்கல் தாலுகாவே ராகி விளையும் மண். அப்போ அது யார் வயல் ராகி? இந்தக் கேள்வியோடு காமராஜர் வாழ்க்கையைப் பாருங்க.

1903-ல் விருதுநகரில் பிறந்தார். அப்பா தேங்காய் வியாபாரி. அவர் இறந்து சில ஆண்டுகளில் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. 1954-ல் முதல்வர்.

1956-ல் மதிய உணவு தொடங்கியபோது அரசுப் பணத்துக்குக் காத்திருக்கவில்லை, ஊர்க்காரர்களிடம் கேட்டார். பணம் இல்லாதவங்க அரிசியும் காய்கறியும் கொடுத்தாங்க. பிறகு அரசும் சேர்ந்தது: ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் அரசு 6, ஊர் 4. அந்த 4 காசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விளைவித்தவருக்கும் பள்ளிக்கும் இருந்த உறவு அதில்தான் இருந்தது.

1961-ல் கேர் அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும் எண்ணெயும் வரத் தொடங்கின. பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் தட்டில் ஒரு பகுதி ஊர் வயலுடையதாக இல்லை.

1963-ல் பதவி விலகினார், 1975 அக்டோபர் 2-ல் காலமானார்.

கர்நாடகப் பள்ளிகளில் 2013 முதல் தரும் பால், மாநில விவசாயிகளின் கூட்டுறவிலிருந்து வருது. ராகிக்கும் அப்படி முடியுமா என்று அடுத்த எஸ்டிஎம்சி கூட்டத்தில் கேளுங்க.