லூசி ஹொப்ஸ்: பட்டத்துக்கு முன்பே பழகிய கை

எமது பாடசாலையிலிருந்து வைத்தியத் துறைக்குச் சென்ற அக்காமாரைப் பற்றி இம்மலரில் வேறு பலர் எழுதுவார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டவர் எமது பாடசாலையையோ இந்நாட்டையோ கண்டவர் அல்லர். பல்வைத்தியக் கல்லூரியொன்றில் பட்டம் பெற்ற முதற் பெண்ணான அமெரிக்கர் லூசி ஹொப்ஸ்தான் அவர். இன்று பேராதனைப் பல்வைத்திய பீடத்துக்குப் போகும் எமது தங்கைமாருக்கெல்லாம் மூத்த அக்கா.

1833 இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த லூசி, மிச்சிகனில் பத்து ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். வைத்தியம் படிக்கும் ஆசையுடன் 1859 இல் சின்சினாட்டி நகருக்கு வந்தபோது, பெண் என்ற காரணத்தால் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்கவில்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, பல்வைத்தியத்தை முயன்று பார்க்கும்படி ஆலோசனை கூறினார். ஒஹையோ பல்வைத்தியக் கல்லூரியும் கதவைச் சாத்தியது. ஆனாலும் அக்கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் டாஃப்ட், தமது சிகிச்சை நிலையத்தில் சில மாதங்கள் இருந்து கற்க இடம் கொடுத்தார். அதன்பின் சாமுவேல் வார்டில் என்ற பல்வைத்தியர் அவரைப் பயிலுநராக ஏற்றார். பகலில் அங்கே துப்புரவு வேலையும் தொழிற்பயிற்சியும். இரவில் வயிற்றுப் பிழைப்புக்குத் தையல்.

அந்தக் காலப் பல்வைத்தியத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரத் துளைகருவி இல்லை, விறைப்பூசி இல்லை. சொத்தையைக் கைக்கருவியால்தான் சுரண்ட வேண்டும். நோயாளி ஒவ்வொரு அசைவையும் உணர்வார். கை தடுமாறினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்று அந்த வசதிகளெல்லாம் இருந்தும், முதல் நியமனத்துக்குப் போகும் இளம் பல்வைத்தியர்களின் பயம் குறைந்ததாகத் தெரியவில்லை. நாம் பல்வைத்தியர் அல்லர். ஆயினும் ஒரே வைத்தியசாலைகளில் வேலை செய்வதால் அவர்கள் மனம்விட்டுச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசி விறைக்காவிட்டால் என்ன செய்வது, வேர் பாதியில் முறிந்தால் யாரைக் கூப்பிடுவது, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் மேற்பல்லில் கை எப்போது பழகும் என்பவைதாம் அவர்களது கேள்விகள். இவை பரீட்சையில் சித்தியடைந்ததால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. கதிரைக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்று, தான் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் கை கொடுக்க வேண்டும். எமது உள்ளகப் பயிற்சிக் காலத்தில் எம்மைக் காப்பாற்றியதும் இதுவே. வெளிநாடுகளிலும் இங்குமாக இருக்கும் மூத்த பல்வைத்தியச் சகோதரிகள், புதிதாக நியமனம் பெறும் தங்கைமாருக்குத் தமது தொலைபேசி இலக்கத்தையாவது கொடுத்து வைத்தால் நல்லது.

லூசிக்கு எல்லாமே மறுதலையாக நடந்தது. பட்டம் இல்லாமலே 1861 இல் சின்சினாட்டியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். உள்நாட்டுப் போர் மூண்டதால் அயோவா மாநிலத்துக்குச் சென்று, மக்ரெகர் என்ற சிற்றூரில் மூன்று ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தார். அவரது வேலையைக் கண்ட அயோவா பல்வைத்தியர் சங்கம் 1865 இல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஒஹையோ கல்லூரி அதே ஆண்டு நவம்பரில் இறுதி வகுப்புக்கு அவரை எடுத்தது. அனுபவத்தைக் கணக்கில் கொண்டதால் சில மாதங்களே போதுமாயின. 1866 பெப்ரவரி 21 இல் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்பவரை மணந்தார். புகையிரதங்களுக்கு வர்ணம் பூசுபவர். அவருக்கும் பல்வைத்தியம் கற்பித்தவர் லூசியே! முன்பு வார்டில் நின்ற இடத்தில் இப்போது இவர் நின்றார். கன்சாஸ் மாநிலத்தின் லோரன்ஸ் நகரில் இருவரும் சேர்ந்து நீண்ட காலம் தொழில் நடத்தினார்கள்.

1886 இல் கணவர் காலமான பின் லூசி வேலையைக் குறைத்துக்கொண்டு, பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். 1910 ஒக்டோபர் 3 ஆம் திகதி, 77 ஆவது வயதில், லோரன்ஸிலேயே காலமானார்.