எளிமையின் காவலர் டைக்ஸ்ட்ரா

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1957ஆம் ஆண்டு ஓர் இளைஞர் தம் திருமணத்தைப் பதிவு செய்யச் சென்றார். தொழில் என்ற இடத்தில் நிரலாளர் என்று குறிப்பிட்டார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று அலுவலர்கள் மறுத்துவிட்டனர். வேறு வழியின்றிக் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுதிக் கொடுத்தார். அவர்தாம் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பாடநூலில் ஒரு வழிமுறையின் பெயராக மட்டுமே நாம் அறிந்துள்ள அப்பெருமகனாரின் வாழ்வைச் சிறிது கூற விழைகிறேன்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1930 மே 11 அன்று பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாய் கணிதம் கற்றவர். லெய்டனில் இயற்பியல் பயின்றபோதே 1951இல் கேம்பிரிட்ஜ் சென்று நிரல் எழுதும் பயிற்சி பெற்றார். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் சேர்ந்தார். ஆனால் நிரல் எழுதுவதை ஒரு துறை என்று உலகம் மதிக்குமா என்ற ஐயம் அவரை வாட்டியது. அதற்கு மதிப்புத் தேடித் தருபவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாமே என்று மையத்தின் மூத்த அறிஞர் வான் வைங்கார்டன் தெம்பூட்டினார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெருவில் கேட்போருக்கு விடை சொல்லத் திணறும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும்.

1956இல் வருங்கால மனைவியுடன் கடைவீதி சுற்றிக் களைத்து ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தார். தாளும் எழுதுகோலும் இன்றி இருபதே நிமிடங்களில் மிகக் குறுகிய பாதை காணும் வழிமுறையை மனத்திலேயே வகுத்தார். ராஜபாளையத்திலிருந்து சிவகாசி செல்ல வேண்டும் என்று கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியும் உண்டு. சத்திரப்பட்டி, ஆலங்குளம் பக்கமாகச் சுற்றும் வழியும் உண்டு. கணக்கிட்ட தூரங்களுள் மிகக் குறைந்த தூரமுள்ள ஊரை முதலில் உறுதி செய்கிறோம். அவ்வூர் வழியாகப் போனால் அண்டை ஊர்களின் தூரம் குறைகிறதா என்று பார்த்துத் திருத்துகிறோம். பின் எஞ்சியவற்றுள் குறைந்ததை எடுக்கிறோம். உறுதி செய்த ஊரை மறுபடி தொட வேண்டியதே இல்லை. இவ்வளவுதான்! கையில் தாள் இருந்திருந்தால் இதைவிடச் சிக்கலான ஒன்றை வகுத்திருப்பாரோ என்னவோ.

1960இல் நண்பர் சோன்னவெல்டுடன் சேர்ந்து அல்கால் 60 மொழிக்குத் தொகுப்பி எழுதினார். வேலை முடியும்வரை முகம் மழிப்பதில்லை என்று இருவரும் சபதம் செய்தனராம். நண்பர் பிறகு மழித்துவிட்டார். இவர் தாடியோடே வாழ்ந்தார்.

1968இல் அவர் எழுதிய ஒரு கடிதம் பெரும் புயலைக் கிளப்பியது. நிரலில் நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் கோடூ கட்டளை தீங்கானது என்பதே அதன் சாரம். எங்கள் ஊர் நூற்பாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிக்கு விழுந்த நூலில் நுனி எது, நடு எது என்று காண முடியாது. தாவித் தாவி ஓடும் நிரலும் அப்படித்தான். மேலிருந்து கீழே படித்தால் புரிய வேண்டும் என்றார் அவர். பத்து இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கும் நிரலை எல்லா எண்களையும் கொடுத்துச் சோதிக்க ஒருவர் ஆயுள் போதாது. ஆகவே சோதனையை மட்டும் நம்பாமல், சரியென்று நிறுவத்தக்க அளவு எளிமையாகவே எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. ஐந்தோவனில் பேராசிரியராக இருந்தபோது ஒரு சிறு குழுவுடன் உருவாக்கிய இயக்க அமைப்பையும் அடுக்கடுக்காகவே கட்டினார். கீழடுக்கு உறுதியான பின்பே மேலடுக்கு. 1972இல் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 1975இல் காவல் நிபந்தனைகள் கொண்ட ஒரு சிறு நிரல்மொழியையும் வகுத்தார்.

அவர் நாக்கு மட்டும் கொஞ்சம் காரம். பேசிக் மொழியில் முதலில் பழகியவர்களைத் திருத்தவே இயலாது என்று எழுதினார். இதை நான் ஏற்கவில்லை. அம்மொழியில் கை பழகிய பேராசிரியர்கள் எத்தனையோ பேர் நல்ல நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்களே!

கணிப்பொறி உலகின் முன்னோடியான அவர் மைப்பேனாவால்தான் எழுதினார். 1,300க்கு மேற்பட்ட கட்டுரைகளுக்கு வரிசை எண் இட்டு, நகலெடுத்து நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். சொந்தக் கணினி இல்லையே என்று விடுதியில் வருந்தும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1984 முதல் 1999 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றித் தாயகம் திரும்பியவர், 2002 ஆகஸ்டு 6 அன்று நூனென் என்ற ஊரில் புற்றுநோயால் மறைந்தார். அக்கட்டுரைகளை அப்பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்துள்ளது, கட்டணம் இல்லை. பிற்காலத்தவை பெரும்பாலும் கையெழுத்திலேயே உள்ளன. அச்சுக் கோத்ததுபோன்ற எழுத்து. அடித்தல் திருத்தல் காண்பது அரிது.