பட்டாணிச் சுரப்பியைத் தேடிய டாக்டர்!

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி பிறந்தவர் ஹார்வி குஷிங். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. தாத்தாவும் தந்தையும் டாக்டர்கள். எனவே இவரும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மாணவராக இருந்தபோது, ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த நோயாளி இறந்துபோனார். மனமுடைந்த குஷிங், மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்தார். ஆனால் விடவில்லை. நண்பர் எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து, ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் தாளில் குறித்துவரும் முறையைத் தொடங்கினார். இப்படிக் குறித்துவைக்கும் வழக்கம் இன்று உலகம் முழுவதும் உள்ளது.

1895-ஆம் ஆண்டின் இறுதியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், முதுகெலும்பில் குண்டு பாய்ந்த ஒரு பெண்ணை குஷிங் எக்ஸ்ரே படம் எடுத்தார்.

பிறகு அவர் கவனம் பிட்யூட்டரி சுரப்பி மீது திரும்பியது. பட்டாணி அளவே உள்ள இது, மூளையின் அடியில், குதிரைச் சேணம் போன்ற சிறு எலும்புக் குழிக்குள் இருக்கிறது. சிலர் ராட்சதர் போல வளர்வதும், சிலர் குள்ளமாகவே நின்றுவிடுவதும் ஏன்? நாய்க்குட்டிகளுக்கு இந்தச் சுரப்பியின் ஒரு பகுதியை அகற்றியபோது அவை சரியாக வளரவில்லை. வளர்ச்சியின் சாவி இங்கேதான் இருக்கிறது என்று குஷிங் புரிந்துகொண்டார்.

உயிரோடிருக்கும் மனிதரின் சுரப்பியை எப்படிப் பார்ப்பது? எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், சுரப்பி தெரியாது. ஆகவே, சேணக் குழி பெரிதாகியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து, உள்ளே கட்டி இருப்பதை ஊகித்தார். மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கு வழியாகச் சுரப்பியை அடையும் ஆபரேஷனையும் மேம்படுத்தினார். 1912-இல் பிட்யூட்டரி பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு பாஸ்டனுக்குச் சென்றார். தன் வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். தன் ஆசிரியர் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926-இல் புலிட்சர் பரிசும் பெற்றார். 1939-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி மறைந்தார்.

அவர் ஊகித்துப் பார்த்ததை இன்றைய டாக்டர்கள் நேரிலேயே பார்க்கிறார்கள். ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராவிட்டால், முதலில் உயரத்தை அளந்து கவனிப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று தெரிந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். இதில் எக்ஸ்ரே கிடையாது. காந்தசக்தியால் படம் எடுக்கிறார்கள். சத்தம் அதிகம், வலி இல்லை; ஆடாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சுரப்பி மிகச் சிறிதாக இருக்கிறதா, அதை மூளையோடு இணைக்கும் காம்பு சரியாக இருக்கிறதா, கட்டி ஏதும் உண்டா என்று படம் காட்டிவிடும். சிலருக்குப் படத்தில் எந்தக் குறையும் தெரியாமலும் இருக்கலாம்.

1985 முதல் ஆய்வுக்கூடத்தில் தயாரான வளர்ச்சி ஹார்மோன் ஊசி மருந்தாகக் கிடைக்கிறது. தக்க வயதில் தொடங்கினால் குழந்தை நன்கு வளரும்.

குள்ளமாக இருக்கும் நண்பனைக் கேலி செய்யாதீர்கள், குழந்தைகளே! உயரம் குறைவாக இருப்பது யாருடைய தவறும் அல்ல.