‘கல்பனா’ கண்ட உதயசங்கர்

நாட்டிய மேதை உதயசங்கரின் பெயரை நம்மில் பலர் அறிவோம். அவர் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படமான ‘கல்பனா’வைக் கண்டவர் சிலரே. அப்படம் சென்னையில் உருவானது. ஆதலின் நமக்கு அதில் தனிப் பற்று உண்டு.

1900 டிசம்பர் 8இல் உதயப்பூரில் ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்த அவர், ஓவியம் பயில லண்டன் சென்றார். ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா அவரை நாட்டிய மேடைக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை முறையாக நடனம் பயிலாத அவ்விளைஞர் 1923இல் அவருடன் கிருஷ்ணனாக ஆடினார்! பின்னர் ஸ்விட்ஸர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனர் துணை நிற்க, சொந்தக் குழு அமைத்து மேல்நாடுகளில் புகழ் பெற்றார்.

இங்கிலாந்தின் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் ஈந்த பொருளால் இமயச் சாரலில், அல்மோராவில், அவரது கலைக்கூடம் எழுந்தது. பரதம் கற்பிக்க நம் கந்தப்ப பிள்ளை அங்குச் சென்றார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும் இசைக்கு அலாவுதீன் கானும் அமர்ந்தனர். உலகப் போர்க் காலத்துப் பணமுடையால் அக்கூடம் மூடப்பட்டது.

கலைந்த அக்கனவையே படமாக்கத் துணிந்தார் உதயசங்கர். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை தொடங்கிற்று. ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத், கதாநாயகி, மனைவி அமலா, ஆடியோருள் இளம் பத்மினியும் ஒருவர். கலைக்கூடம் காண விழையும் ஒருவன் தன் கதையைப் பட முதலாளியிடம் சொல்வதாக அமைந்தது அது. வசனத்தைவிட நடனமே கதையை நடத்துகிறது. ஆலைக் காட்சியில் மனிதரே இயந்திர உறுப்புகளாகி அசைகின்றனர். நிழலும் ஒளியும் அவர்களோடு சேர்ந்தாடுகின்றன. அந்நாளில் இத்தகைய படத்துக்கு முன்மாதிரி ஏது? இறுதியில் முதலாளி கதையை மறுத்துவிடுகிறார்.

1948இல் வெளிவந்தபோது கொட்டகைகளும் ஏறக்குறைய அதையே செய்தன. அதே ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’வுக்கு அவ்வாண்டில் ஜனங்கள் திரண்டனர், ‘கல்பனா’வோ போட்ட முதலையும் மீட்கவில்லை. ரசிகர்களை மட்டும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பழகாத சுவை நாவில் ஏறக் காலம் வேண்டுமன்றோ?

1971இல் பத்மவிபூஷண் பெற்ற அவர், 1977 செப்டம்பர் 26இல் கல்கத்தாவில் மறைந்தார். புனே திரைப்படக் காப்பகம் பேணி வைத்திருந்த சுருள்களைக்கொண்டு, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை படத்தைப் புதுப்பித்தது. 2012இல் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் அது திரையிடப்பட்டபோது, தொண்ணூறைக் கடந்த அமலா அம்மையார் நேரில் சென்றிருந்து, தம் இளமை ஆட்டத்தைக் கண்டார்.