மருத்துவப் பேரறிஞர் சிடன்ஹாம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டார்செட் என்னும் கோட்டத்தில் 1624-ஆம் ஆண்டு தாமஸ் சிடன்ஹாம் பிறந்தார். இளமையில், அந்நாட்டில் மூண்ட உள்நாட்டுப் போரில் பாராளுமன்றத்தின் பக்கம் நின்று போர்புரிந்தார். பின்னர் வாளைத் துறந்து, ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, இலண்டன் மாநகரில் மருத்துவராய் விளங்கினார்.

அக்காலத்து மருத்துவர் பலர் பண்டை நூல்களின் கூற்றையே பெருந்துணையாகக் கொண்டிருந்தனர். சிடன்ஹாமோ நோயாளியின் படுக்கையருகையே தம் பள்ளிக்கூடமாகக் கொண்டார். செடிகொடிகளை இனம் பிரித்தல்போல நோய்களையும் அவற்றின் குறிகளால் இனம் பிரித்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. தத்துவ அறிஞர் ஜான் லாக் அவருடன் நோயாளிகளைக் காணச் சென்றதும் உண்டு.

1686-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலொன்று சிறுவர்க்கு வரும் விந்தையான நோய் ஒன்றை விளக்கிற்று. புனித வைட்டஸ் நடனம் என்னும் பெயரால் அவர் அதனைக் குறித்தார். பத்து வயது முதல் பருவமெய்தும் வரையுள்ள சிறுவர் சிறுமியரை அது பற்றும். முதலில் ஒரு கால் தளர்ந்து இழுபடும்; பின்னர் அப்பக்கத்துக் கை நிலைகொள்ளாது அசையும். மார்பின்மேல் வைத்த கை ஒரு நொடியும் அங்கே தங்காது. நீர்க்கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுசெல்ல முயலும் குழந்தை, கூத்தாடிபோலக் கையைப் பலவாறு வளைத்த பின்னரே பருக இயலும். காண்போர் இதனைக் குறும்பென எண்ணிக் கடிந்துகொள்ளுதல் கூடும். அது குறும்பன்று, நோயே என்பதை அவர் வகுத்த குறிகள் தெளிவாக்கின.

அந்நோயின் மூலத்தைச் சிடன்ஹாம் அறிந்திலர். குருதி வாங்கியும் பேதி கொடுத்தும் அவர் செய்த மருத்துவம் வழக்கொழிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரே அதன் முதற்காரணம் எனப் பிற்கால அறிஞர் கண்டனர். அந்நுண்ணுயிரால் வந்த தொண்டைநோய் தணிந்து, வாரங்களோ திங்களோ கழிந்தபின், அதனை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றலே வழிதவறி மூளையைத் தாக்குகின்றது. பகைவனை வெல்லத் திரண்ட படை தன் ஊரையே சூறையாடுதல் போன்றது இது. இதயமும் இதனால் ஊறுபடக்கூடும். ஆதலின் இக்கால மருத்துவர் குழந்தையின் இதயத்தையும் ஆராய்ந்து, தொண்டைநோய் மீண்டும் வாராவண்ணம் பெனிசிலின் மருந்தை நெடுங்காலம் அளிக்கின்றனர்.

சிடன்ஹாம் தம்மை வருத்திய மூட்டு வாதத்தையும் பிறர் நோய்போல உற்றுநோக்கி, 1683-ஆம் ஆண்டில் நூலாக்கினார். 1689-ஆம் ஆண்டில் இலண்டனில் காலமானார். அவர் தந்த மருந்துகள் பல மறைந்தன. அவர் கண்டெழுதிய குறிகள் மறையவில்லை. அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. காரணம் விளங்காதபோதும் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தல் பின்வருவோர்க்கு விளக்காகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.